பன்னிரண்டாவது தண்டு

1965 நவம்பரில் என் மனைவி மதுரையிலிருந்த தன் அக்காவுக்கு எழுதிய வான்கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1976-ல் ஊருக்குப் போயிருந்தபோது, "இதெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி அக்கா பழைய கடிதங்களைக் கட்டாகத் திருப்பிக் கொடுத்தார். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கியவன் நான். நவம்பர்க் கடிதம் மூன்று பக்கம். அதில் இரண்டே முக்கால் பக்கம் ஒரு கணிப்பொறியைப் பற்றியது.

"இன்றைக்கு என்னை உள்ளே உட்கார வைத்தார்கள், அக்கா. பீரோ பீரோவாக நிற்கிறது. ஒவ்வொரு பீரோவுக்குள்ளும் நம் வீட்டு ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி வால்வுகள், வரிசை வரிசையாக. எல்லாம் ஒன்றாக எரிகின்றன. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே பங்குனி மாத வெயில். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன்."

என்னைப் பற்றிய செய்தி மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், இடம் மிஞ்சியதால் எழுதியதுபோல் இருக்கிறது: "அவருக்குச் சளி. மற்றபடி சௌக்கியம்." என் நாட்குறிப்பின்படி அந்த வாரம் எனக்குக் காய்ச்சலும் இருந்தது.

நான் ஜெர்மனிக்கு வந்தது 1963 இலையுதிர் காலத்தில். ஆலைகளில் சுழலும் நீண்ட இரும்புத் தண்டுகள் எந்த வேகத்தில் அதிரத் தொடங்கும் என்பது என் ஆராய்ச்சி. அந்த வேகத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல முடிந்தால் தண்டு முறியாமல் காக்கலாம். பன்னிரண்டு வகைத் தண்டுகளுக்குக் கணக்கிட்டுக் காட்டுவதாகப் பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஒரு தண்டுக்குக் கையால் கணக்குப் போட்டால் மாதக்கணக்கில் ஆகும். இரண்டு தெரு தள்ளிக் கணிதத் துறையில் இருந்த கணிப்பொறி அதை இருபது நிமிடத்தில் போட்டுவிடும்.

அது விலைக்கு வாங்கிய பொறி அல்ல. போர் முடிந்த சில ஆண்டுகளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்களே கட்டியது. மாணவர்களும் உதவியாளர்களும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்துப் பற்றவைத்து உருவாக்கியது. அப்படி மாணவனாக உட்கார்ந்து பற்றவைத்தவர்களில் ஒருவர்தான் நான் வந்த காலத்தில் அதன் பொறுப்பாளர். டைக்கு மேல் வெள்ளைக் கோட்டு அணிந்திருப்பார். வலது கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு. யந்திரத்தை அவர் எப்போதும் "அவள்" என்றே குறிப்பிடுவார்.

வெளித்துறைக்காரர்கள் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. கதவைத் திறந்தால் சூடு மாறும், ஈரக் கோட்டும் தூசியும் உள்ளே வரும் என்பது காரணம். எங்கள் கணக்கைத் துளையிட்ட காகித நாடாவாக ஒரு சிறு ஜன்னல் வழியே கொடுக்க வேண்டும். விடையும் அதே ஜன்னல் வழியே வரும். இரண்டு ஆண்டுகள் அந்த ஜன்னலின் வெளிப்பக்கத்தில் நின்றேன். கண்ணாடிக்குள் தெரிந்த அந்த ஆரஞ்சு வெளிச்சத்தை ஒரு முறையாவது அருகே நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. பொறுப்பாளரிடம் ஒரு முறை கேட்டும் பார்த்தேன். "இவரை விட்டால் எல்லாரையும் விட வேண்டும்" என்று என்னையே பார்த்துக்கொண்டு மூன்றாம் மனிதரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

என் மனைவி வந்தது 1965 கோடையில். திருச்சியில் கணிதம் எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு. நான் இரண்டாம் வகுப்பு. இது எங்கள் கல்யாணப் பேச்சின்போதே தெரிந்த விஷயம்தான், அப்போது உறுத்தவில்லை. நாடாவில் துளையிட ஆள் தேவை என்று கணிதத் துறை வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கண்டு அவளிடம் சொன்னவன் நான். விண்ணப்பத்தை ஜெர்மனில் எழுதிக் கொடுத்தவனும் நான். செப்டம்பரில் துளையிடும் அறையில் சேர்ந்தாள். அது யந்திர அறைக்கு அடுத்த அறை.

அவளை அங்கிருந்து உள்ளே கொண்டுபோனது அவள் காது. அந்த யந்திரத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கியை இணைத்திருந்தார்கள். கணக்கு ஓடும்போது அதிலிருந்து ஓயாமல் ஒரு சத்தம் வரும். கரகரப்பாகவும் கீச்சென்றும் மாறி மாறிக் கேட்கும். ஒவ்வொரு கணக்குக்கும் தனிச் சத்தம் உண்டு என்று உள்ளே இருப்பவர்கள் சொல்வார்கள். நவம்பரில் ஒரு நாள் யாருடைய கணக்கோ வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. பொறுப்பாளரும் இரண்டு உதவியாளர்களும் காப்பி குடித்துக்கொண்டு விடைக்காகக் காத்திருந்தார்கள். நாடாப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த என் மனைவி, தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "அது வெறுமனே சுற்றுகிறது" என்றாளாம். பார்த்தால் கணக்கு ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தது.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று அன்று மாலை கேட்டேன்.

"எங்க வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் ரைஸ் மில்லுங்க. நெல்லு தீர்ந்து போயும் ஓட்டிக்கிட்டே இருந்தா ஒரு மாதிரி கத்தும். தூக்கத்துல கூடத் தெரியும். அதே சத்தம்."

மறுநாள் அவளுக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டார்கள். அக்காவுக்கு எழுதிய கடிதம் அன்றைக்கு எழுதியது.

அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு இடம் குறைந்துவிட்டதுபோல் உணர்ந்தேன். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தது ஒற்றை அறை. கரி அடுப்பு ஒன்று, அதுவும் பாதி நாள் புகையும். நான் நூலகத்தில் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து படித்துவிட்டு, விரல்கள் விறைக்க வீடு திரும்புவேன். அவள் நாள் முழுதும் கதகதப்பில் இருந்துவிட்டு முகம் பளபளக்க வருவாள். புடவையில் சூடேறிய மெழுகும் தூசியும் கலந்த ஒரு வாசனை இருக்கும். வந்ததும் ஆரம்பிப்பாள்.

"நாங்க இன்னிக்கு மூணாவது பீரோவுல நாலு வால்வு மாத்தினோம்."

"நாங்க" என்ற சொல் அதுவரை எங்கள் இருவரைக் குறிப்பதாக இருந்தது. 1966 தொடக்கத்திலிருந்து அது அவளையும் யந்திரத்தையும் குறித்தது. "நாங்க நாளைக்குச் சீக்கிரம் போகணும்." "நாங்க இப்ப நம்பரைச் சேத்து வைக்கிற அந்த டிரம்மை நம்பறதே இல்ல." ஒரு தடவை, "நாங்க உங்க டேப்பைப் பார்த்தோம். நாலாவது பாகத்துல தேவையில்லாம ரெண்டு தரம் பெருக்கியிருக்கீங்க" என்றாள். என் நாடாவை என் மனைவியும் வேறு மூன்று ஆண்களும் மேஜையில் விரித்துவைத்துச் சிரித்திருப்பார்கள் என்று தோன்றியது. சிரித்ததாக அவள் சொல்லவில்லை. அவள் சொன்ன பிழை இருந்தது. திருத்தினேன்.

கணிதத் துறை வாயில்காப்பாளர் என்னைப் புதிதாக வந்தவர்களுக்கு அறிமுகப்படுத்துவார்: "இவர் யந்திரத்து அம்மாவின் கணவர்." முனைவர் பட்டத்துக்கு மூன்று ஆண்டு உழைத்தவனுக்கு அந்த ஊரில் கிடைத்த முதல் பட்டம் அது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கட்டடப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் எங்களுக்குப் பழக்கம். ஞாயிறுகளில் சாப்பிட வருவார். தொங்கு பாலம் ஒன்றின் கணக்கை அவரும் அந்த யந்திரத்தில்தான் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவர் என்னைத் தேடித்தான் வந்தார். பிறகு கதவைத் திறந்ததும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்.

"அண்ணை, அக்கா இல்லையோ?"

"இல்லை. என்ன விஷயம், என்னிடம் சொல்லுங்கள்."

"இல்லை அண்ணை, உது மெஷின் விஷயம். உங்களுக்கு விளங்காது. அக்கா வந்தாப்பிறகு வாறன்."

1966 டிசம்பர் முதல் வாரத்தில் பொறுப்பாளர் எங்களையெல்லாம் நடைக்கூடத்துக்கு அழைத்தார். வேறு கட்டிடத்தில் புதிய டிரான்சிஸ்டர் கணிப்பொறி ஒன்று வந்து இறங்கிவிட்டது என்றும், குளிர்காலப் பருவம் முடிந்ததும், அதாவது பிப்ரவரி கடைசியில், பழையது நிறுத்தப்படும் என்றும் சொன்னார். வால்வுகள் இனி வாங்கப்போவதில்லை. கையில் இருப்பவை எரியும்வரை எரியும். சொல்லும்போது தழும்புள்ள கட்டைவிரலை மற்றொரு கையால் மூடிக்கொண்டிருந்தார்.

என் புரோகிராம் அந்த யந்திரத்தின் தனி மொழியில் எழுதியது. புதிய யந்திரத்துக்கு அது புரியாது. முதலிலிருந்து எழுதினால் இன்னும் ஓர் ஆண்டு. என் உதவித்தொகையோ மார்ச்சோடு முடிகிறது. அன்றைய நிலையில் பன்னிரண்டு தண்டுகளில் ஐந்துதான் முடிந்திருந்தன. மிச்சம் ஏழையும் பிப்ரவரிக்குள் முடிக்காவிட்டால் பட்டமில்லாமல் கப்பலேற வேண்டியதுதான்.

வெளித்துறைக்காரர்களுக்கு வாரத்துக்கு ஒரு நேரம் என்று ஒதுக்கினார்கள். யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு முதல் தேர்வு. அன்று வரிசையில் முதலில் நின்றவன் நான். கணிதத் துறைக்காரர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியிருந்த நல்ல நேரங்கள் இரண்டு. திங்கட்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ஒன்று. வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரையிலிருந்து நான்கு வரை மற்றது.

முந்தின நாளே என் மனைவி சொல்லியிருந்தாள். "வியாழக்கிழமை மத்தியானம் எடுங்க. வாரம் பூரா ஓடி சூடாகி அப்பத்தான் நல்ல மூட்ல இருக்கும். திங்கக்கிழமை வேண்டாம். ஞாயித்துக்கிழமை அணைச்சு வைக்கறோமில்ல, மறுநாள் காலையில சுவிட்சைப் போட்டதும் பட்டுப் பட்டுன்னு வால்வு போகும்."

நான் திங்கட்கிழமையை எடுத்தேன். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்றுவரை ராகு காலம். திங்கட்கிழமை அது ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதோடு முடிந்துவிடுகிறது. என் அப்பா ராகு காலத்தில் ஒரு கையெழுத்துக்கூடப் போட்டவர் அல்ல. நானும் பட்டப்படிப்புக்குப் பதிவு செய்தது, விசாவுக்குப் போனது, கப்பலேறியது எல்லாம் நேரம் பார்த்துத்தான். ராகு கால வாய்ப்பாடு மனப்பாடம், காகிதம் பார்க்க வேண்டியதில்லை. அதோடு, அவள் "எடுங்க" என்று சொன்னதை எடுக்க அன்று எனக்கு மனமில்லை. அவளுடைய யந்திரத்தின் மூட் எப்படியிருக்கும் என்று அவளிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது கசந்தது.

எனக்குப் பின்னால் நின்ற யாழ்ப்பாணத்து நண்பர் வியாழக்கிழமையை எடுத்துக்கொண்டார்.

முதல் திங்கட்கிழமை என் கணக்கு பாதியில் நின்றது. இரண்டு வால்வுகள். இரண்டாம் திங்கட்கிழமை ஓடவே இல்லை. மூன்றாம் திங்கட்கிழமை ஒரு தண்டு முடிந்தது, ஆனால் விடையில் வேகம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் அளவுக்கு வந்திருந்தது, குப்பையில் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே என் மனைவி கதவுகளைத் திறந்து வால்வைப் பிடுங்கி மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுப்பாளர் அவள் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டார். அவள் பீரோவை விரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டு, தலையாட்டினாள். அவர் உடனே வேறு பீரோவுக்குப் போனார். என்னை உள்ளேயே விடாத மனிதர் அவள் தலையசைப்புக்கு நடக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் சாப்பிட வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"பாலம் முடிஞ்சுது, அண்ணை! மூண்டு வியாழன், மூண்டும் ஒரே ஓட்டம். ஒரு வால்வு கூடப் போகேல்லை. அக்கா பக்கத்தில இருந்து காது குடுத்துக் கேட்டவ."

"சந்தோஷம்" என்றேன்.

"உங்கட தண்டு என்ன மாதிரி?"

"ஓடுகிறது."

என் மனைவி சாதம் போட்டுக்கொண்டே, "எங்க ஓடுது? திங்கக்கிழமை திங்கக்கிழமை மூச்சு வாங்குது" என்றாள். "நான் வியாழக்கிழமைன்னு சொன்னேன். இவர் ராகு காலம்னுட்டார்."

நண்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணை! டாக்டர் பட்டம் எடுக்க வந்திட்டு ராகு காலமோ?"

"பழக்கம்" என்றேன்.

"சரி, பழக்கம்னே வச்சுக்கலாம்" என்றாள் என் மனைவி. பையிலிருந்து ஒரு வீணான நாடாத் துண்டை எடுத்து அதன்மேல் பென்சிலால் எழுதினாள். "ராகு காலம் எப்படி வருது? பகலை எட்டுப் பங்கு போடறோம். நம்ம ஊர்ல சூரியன் ஆறுக்கு வந்து ஆறுக்குப் போகுது. அதனால பங்குக்கு ஒண்ணரை மணி. திங்கக்கிழமைக்கு ரெண்டாவது பங்கு. ஏழரை, ஒன்பது. சரியா?"

"சரி."

"இங்க டிசம்பர்ல சூரியன் எப்ப வருது? எட்டேகாலுக்கு. நாலேகாலுக்குப் போய்ப் படுத்துடுது. பகல் எட்டு மணி நேரம். பங்குக்கு ஒரு மணி. ரெண்டாவது பங்கு எப்ப?"

நண்பர்தான் விரல்விட்டு எண்ணினார். "ஒம்பதேகாலில இருந்து பத்தேகால்."

"அப்ப உங்க அண்ணையோட கணக்கு முழுக்க ராகு மடியிலதான் உக்காந்திருக்கு. வியாழக்கிழமைக்கு ஆறாவது பங்கு. ஒண்ணேகாலுக்கு ஆரம்பிச்சு ரெண்டேகாலுக்கு முடிஞ்சிடுது. ரெண்டரைக்கு நீங்க சுத்தமான நேரத்துல உக்காந்து பாலத்தைக் கட்டிட்டுப் போயிட்டீங்க."

நண்பர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தேதியும் நேரமும் பார்ப்பது என் வேலை. வீட்டில் யார் எப்போது எங்கே போனார்கள் என்பதை எழுதி வைப்பவன் நான். சூரியன் எத்தனை மணிக்கு எழுகிறது என்பதைக்கூட நாட்குறிப்பின் மூலையில் குறித்துவந்தேன். அந்தக் குறிப்புகளோடு மூன்று குளிர்காலம் கழித்தும் இந்த ஒரு வகுத்தலைச் செய்யத் தோன்றவில்லை. ராகு காலத்தில் நம்பிக்கையே இல்லாதவள் அதைச் சாதம் போடும் கையோடு செய்துவிட்டாள்.

போகும்போது நண்பர் படிக்கட்டில் நின்று சொன்னார்: "அண்ணை, எனக்கு ஒதுக்கின அந்த டெர்மின் இனித் தேவையில்லை. வியாழக்கிழமையை நீங்கள் எடுங்கோ. வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ." இளகிய மனம் கொண்டவர். அந்த இரக்கமும் அவளைப் பார்த்து வந்ததுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எடுத்துக்கொண்டேன்.

அந்த வகுத்தல் அவளுக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு நாளும் நாங்கள் இருந்த ஜெர்மன் ஊரில் சூரியன் எப்போது எழும், எப்போது விழும், பகலின் எட்டுப் பங்கு எப்படிப் பிரியும் என்று கணக்கிட்டு அச்சடித்துத் தரும் ஒரு புரோகிராமை எழுத ஆரம்பித்தாள். அதுவரை மற்றவர்களின் கணக்குக்குத் துளையிட்டவள், மற்றவர்களின் கணக்கைக் காது கொடுத்துக் கேட்டவள். தன்னுடையது என்று முதன்முதலாக எழுதியது இதைத்தான். ஜனவரி முழுதும் சாப்பாட்டு மேஜையின் என் பாதியையும் சேர்த்துக் காகிதம் பரப்பியிருந்தாள். பொறுப்பாளருக்கு விஷயம் தெரிந்து, வெகுவாக ரசித்தாராம். கடைசி நாளன்று யந்திரத்தில் வேலை பார்க்கும் நான்கு பேரும் ஆளுக்கு ஒரு கணக்கைத் தங்கள் விருப்பப்படி ஓட்டலாம், அதன்பின் மின்சாரத்தை நிறுத்துவோம் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"என்னோடது பஞ்சாங்கம்" என்றாள். "அவரே கேட்டார், எப்ப ரெடியாகும்னு."

எனக்கு அவர் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

வியாழக்கிழமைகள் ஓடின. ஒவ்வொரு தண்டுக்கும் புதிதாக எண்களைத் திரட்டி நாடா தயாரிக்க எனக்கு ஒரு வாரத்துக்கு மேலேயே ஆயிற்று. அவள் சொன்னபடிதான் யந்திரம் நடந்துகொண்டது. பிப்ரவரி கடைசி வியாழக்கிழமை வந்தபோது பத்துத் தண்டுகள் முடிந்திருந்தன. அன்று முந்தினவரின் கணக்கு இழுத்ததால் என் முறை மூன்றேகாலுக்குத்தான் வந்தது; பதினொன்றாவது நன்றாக முடிந்தது. பன்னிரண்டாவது ஓடிக்கொண்டிருந்தபோது அவள் சட்டென்று எழுந்து யந்திரத்தை நிறுத்துவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஜன்னலைத் தட்டினேன்.

"வால்வு போகுதுங்க. சத்தம் பிசிறடிக்குது. இப்ப வர்ற நம்பரை நம்ப முடியாது."

"மாற்றிவிட்டு ஓட்டு."

"ஸ்பேர் இல்ல. வேற பீரோவுலேர்ந்து பிடுங்கணும். நாலு ஆயிடுச்சு, அடுத்தவர் நிக்கறார்."

அடுத்தவர் எனக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார். நாடாவை உள்ளேயே அலமாரியில் வைத்துவிட்டு அவள் அவருடைய நாடாவை வாங்கிக்கொண்டாள். வெளித்துறைக்காரர்களுக்கு இனி நேரமில்லை.

அன்று மாலை அவள் விளக்குக்கு எதிரே தன் நாடாவைப் பிடித்துத் துளைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் நாடா மெல்ல நகர்ந்தது. வெளிச்சம் துளைகள் வழியே அவள் கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. என்னை அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்ததாக நினைவில்லை.

"நாளைக்கு உன் பஞ்சாங்கமா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி நேரம். பிரிண்ட்டோட சேர்த்து."

"என் பன்னிரண்டாவது இருபது நிமிஷம்."

"தெரியும்" என்றாள். நாடாவைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டாள். அவ்வளவுதான். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவள் கொடுப்பாள் என்றும் தோன்றியது, கொடுக்கமாட்டாள் என்றும் தோன்றியது. இரண்டையும் தாங்க முடியாது.

வெள்ளிக்கிழமை நடைக்கூடத்தில் கூட்டம். பேராசிரியர்கள், பழைய மாணவர்கள், யந்திரத்தைக் கட்டியபோது பற்றவைத்தவர்களில் சிலர். பேசிக்கொண்டிருந்தார்கள், சிரித்தார்கள், ஒருவர் அழுதுகொண்டே சிரித்தார். அறைக்குள் நான்கு பேர் மட்டும். ஜன்னலை உட்பக்கம் ஒரு பலகையால் மூடியிருந்தார்கள். மூடிய கதவு வழியே சத்தம் மட்டும் கேட்டது. நானும் யாழ்ப்பாணத்து நண்பரும் கதவை ஒட்டி நின்றோம். ஒரு கணக்கு ஓடி முடிந்தது. சிறிது அமைதி. இன்னொன்று தொடங்கியது.

"அண்ணை, இது உங்கட தண்டோ? அக்காவின்ர பஞ்சாங்கமோ?"

நான் காது கொடுத்துக் கேட்டேன். கரகரப்பு, கீச்சு, மறுபடி கரகரப்பு. மூன்று ஆண்டுகள் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று என் கணக்கின் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன். எல்லாம் எனக்கு ஒன்றுபோலவே கேட்டது.

"தெரியவில்லை" என்றேன்.

"பொறுங்கோ." அவர் கதவில் காதை வைத்தார். "எனக்கெண்டா தவில் அடிக்கிற மாதிரிக் கிடக்கு. அக்காவைக் கேட்டாத்தான் தெரியும்."

அதற்குப் பின்னும் சத்தம் வந்தது, நின்றது, வந்தது. நடுவில் யாரோ பேச எழுந்து, எல்லாரும் கைதட்டியதில் ஒரு கணக்கு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்பது கலைந்துபோயிற்று. பிறகு காற்றாடிகளின் இரைச்சல் இறங்கி இறங்கி ஓய்ந்தது. கதவு திறந்தது. அனல் காற்று முகத்தில் அடித்தது. எல்லாரும் உள்ளே போகலாம் என்றார்கள். இத்தனை நாள் காத்திருந்தவன் நான், ஆனால் போகவில்லை. அணைந்த பீரோக்களை மட்டும் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது.

என் மனைவி வெளியே வந்தாள். ஸ்வெட்டரைக் கையில் வைத்திருந்தாள். மடித்த காகிதத் துண்டு ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, பன்னிரண்டு."

டெலிபிரிண்டரில் அடித்த விடை. நின்ற இடத்திலேயே எண்ணைப் படித்தேன். எதிர்பார்த்த இடத்தில் இருந்தது. அதன் பிறகுதான் கேட்டேன்:

"உன்னுடையது?"

"பசிக்குது. வாங்க போகலாம்" என்றாள்.

1967 ஜூலையில் என் ஆய்வேடு ஏற்கப்பட்டது. பன்னிரண்டு தண்டுகளும் அட்டவணையில் இருக்கின்றன. 1968-ல் பான் நகரத்துக்குக் குடிவந்தோம். அங்கே அவள் ஒரு கணிப்பொறி அலுவலகத்தில் சேர்ந்தாள். புதிய யந்திரம் சத்தமே போடாது என்று முதல் வாரம் குறைப்பட்டுக்கொண்டாள். "ஊமை" என்றாள். எனக்கு அந்த ஊமையைப் பிடித்திருந்தது. ஆனால் மூன்றே மாதத்தில் அதையும் "நாங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பல முறை கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒன்று என்பது விதி. அப்படியென்றால் தன் ஒன்றை அவள் எனக்குக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது காலையில் சோதனை ஓட்டமாக என்னுடையதை முன்பே ஓட்டியிருக்க வேண்டும். அல்லது அவளுக்கு மட்டும் பொறுப்பாளர் இரண்டு அனுமதித்திருக்க வேண்டும். மூன்றாவது உண்மையாக இருக்கக் கூடாது என்று விரும்புகிறேன். முதலாவது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பஞ்சாங்கம் அச்சான காகிதம் வீட்டில் எங்கும் இல்லை. அவள் நாடாவும் பானுக்கு வந்த பெட்டிகளில் இல்லை.

1974-ல் பொறுப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். பதில் இரண்டு பக்கம் வந்தது. என் மனைவியின் காதைப் பற்றி ஒரு முழுப் பத்தி. அன்று அவள் கையில் இரண்டு நாடாக்கள் இருந்ததாக நினைவு என்றும், இரண்டையும் போட்டார்களா என்பது நினைவில்லை என்றும் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்து நண்பர் இப்போது ஹம் நகரில் இருக்கிறார். அவரிடம் கேட்டால், "அக்காவைக் கேளுங்கோ அண்ணை" என்கிறார்.

இந்த ஆண்டு, 1979 தொடக்கத்தில், இதை எழுத உட்கார்ந்தபோது என் மனைவியைக் கடைசியாக ஒரு முறை கேட்டேன். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "ஓடுச்சுன்னு எழுதிக்குங்களேன். யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

அப்படி எழுத முடியாது. 1967 பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை அவளுடைய புரோகிராம் அந்த யந்திரத்தில் ஓடியதா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.